பேசாப் படத்தின் பெண்கள் – 9: ரோசி ஏறிய லாரி

மலையாளத் திரையின் முதல் கதாநாயகி பி.கே. ரோசி. அவர் நடித்தது ஒரே ஒரு படம். 'விகதகுமாரன்' என்ற அந்த ஊமைப்படத்தின் சுருள் ஒன்றுகூட இன்று இல்லை. திருவனந்தபுரத்தில் பிறந்து, அங்கேயே நடித்து, அங்கிருந்து விரட்டப்பட்ட ரோசி, மிச்ச வாழ்நாளை நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் கழித்தார்.

திருநெல்வேலியிலிருந்து தெற்கே போகிறவர்கள் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றைத் தாண்டியதும் எதிர்ப்படும் முதல் பெரிய ஊர் நாகர்கோவில். தாமிரபரணிக் கரைக்கு அது அண்டை ஊர். ஒரு மொழியின் முதல் கதாநாயகி அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்த செய்தி, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் பரவலாக வெளியே வந்தது.

'விகதகுமாரன்' படத்தை எடுத்த ஜே.சி. டேனியலின் கதை சென்ற வாரம் சொல்லப்பட்டது. நெய்யாற்றின்கரையில் பிறந்த கிறித்தவ நாடார். களரிப் பயிற்சியில் ஊறியவர். வாள்வீச்சுக் கலை பற்றி 1915இலேயே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியவர். களரியை உலகுக்குக் காட்டச் சினிமாவே வழி என்று நம்பினார். சென்னையில் படப்பிடிப்பைப் பார்க்க இடம் கிடைக்காமல் பம்பாய்க்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டார். அகஸ்தீஸ்வரத்து நிலங்களை விற்ற பணத்தில் கேமராவும் கருவிகளும் வாங்கி, திருவனந்தபுரம் பட்டம் பகுதியில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். கதையும் இயக்கமும் ஒளிப்பதிவும் கதாநாயகன் வேடமும் அவருடையவை. கதாநாயகிதான் கிடைக்கவில்லை. பம்பாயிலிருந்து லானா என்ற நடிகை வரவழைக்கப்பட்டார். அவருடைய எதிர்பார்ப்புக்கும் டேனியலின் பணப்பைக்கும் ஒத்துவரவில்லை. அவர் திரும்பிப் போனார்.

அந்த இடத்துக்குத்தான் ரோசி வந்தார்.

புல்லறுத்த கை

ரோசி 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், புலையர் குலத்தில் பிறந்தார். தந்தை பெயர் பவுலோஸ், தாய் குஞ்ஞி. இளமையிலேயே தந்தை இறந்தார். புல்லறுத்து விற்பதும் கூலி வேலைக்குப் போவதும் குடும்பத்தின் பிழைப்பு. ராஜம்மா, ரோசம்மா என்ற இரு பெயர்களும் அவருக்கு வழங்கின. திரைக்காக அது 'ரோசி' ஆயிற்று.

புல் அரிவாளைக் கீழே வைத்த நேரத்தில் அவர் நாடகம் கற்றார். தென்திருவிதாங்கூரில் அப்போது ஆடப்பட்டது காக்காரிசி நாடகம். சிவனும் பார்வதியும் குறவர் வேடத்தில் பூமிக்கு வந்து, தம்புரானின் கேள்விகளுக்குக் கேலியும் பாட்டுமாகப் பதில் சொல்லும் கூத்து அது. தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாமல் கலந்த பேச்சில் நடக்கும். குறவஞ்சி பார்த்துப் பழகிய திருநெல்வேலிக்காரர் எவரும் பாதிக்கு மேல் புரிந்துகொள்ளலாம். அதிலும் பெண் வேடத்தை ஆண்களே கட்டுவது வழக்கம். ரோசி துணிந்து மேடை ஏறினார்.

பெண்கள் மேடை ஏறுவது அன்று எங்குமே இழிவாகத்தான் பார்க்கப்பட்டது. கணவாய்க்கு இந்தப் பக்கமும் அதே நிலை. திருநெல்வேலிச் சீமையின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய பாலர் நாடகக் குழுவில் வள்ளியும் சாவித்திரியும் மீசை முளைக்காத சிறுவர்கள்தாம். 1913இல் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவரும் ஓர் ஆண். 1920களில் ஊமைப்படத்துக்கு வந்த புகழ்பெற்ற நடிகைகளில் பலர் ஆங்கிலோ-இந்தியர், யூதர். சுலோசனா என்ற பெயரில் கொடிகட்டிய ரூபி மையர்ஸ் யூதப் பெண். சீதாதேவி என்று அறியப்பட்டவர் ரெனே ஸ்மித். ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு மட்டுமே அந்தத் துணிச்சல் கட்டுப்படியாயிற்று.

ரோசி ஊர்க் கட்டுப்பாட்டுக்கு நடுவில் இருந்தவர். அதுவும் அதன் அடித்தட்டில்.

ஒரு துணியின் நூறு ஆண்டுகள்

படத்தின் முதல் காட்சியின்போது திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் நடந்ததைப் புரிந்துகொள்ள, படப்பிடிப்புக்கு நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும். அந்தப் பாதை பாளையங்கோட்டை வழியாகப் போகிறது.

1806இல் ரிங்கல்தோபே என்ற ஜெர்மானிய மதபோதகர் பாளையங்கோட்டைப் பக்கமிருந்து புறப்பட்டு, ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் அவரை அழைத்திருந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. அதன் பிறகு, மதம் மாறிய நாடார் பெண்கள் மார்பை மறைத்துக் குப்பாயம் அணியலானார்கள். கணவாய்க்குக் கிழக்கே, ஆங்கிலேயர் ஆண்ட திருநெல்வேலியில் இருந்த அவர்களுடைய சொந்தபந்தங்களுக்கு உடுத்த உரிமை இருந்தது. மேற்கே, மகாராஜாவின் நாட்டில், அதே குடும்பத்துப் பெண் உடுத்தினால் தெருவில் வைத்துக் கிழித்தார்கள்.

1820களிலும் 1858–59இலும் இது கலவரமாக வெடித்தது. கோயில்கள் எரிந்தன, பள்ளிகள் எரிந்தன. கடைசியில் 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா அறிக்கை வெளியிட்டார். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனைதான் இந்த வரலாற்றின் உயிர்முடிச்சு. துணி உடுத்துவதை மன்னர் அனுமதித்தார். அடுத்தவர் துணிபோல உடுத்துவதை அனுமதிக்கவில்லை.

புலையர் பெண்களின் நிலை இன்னும் கீழே இருந்தது. ரவிக்கைக்குப் பதிலாக அவர்கள் கழுத்தில் கல்லுமாலை தொங்கவேண்டும் என்பது ஊர்ச் சட்டம். அதை அறுத்தெறியச் சொன்னவர் அய்யன்காளி. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் பிறந்தவர். 1893இலேயே வில்வண்டி ஏறிப் பொதுச்சாலையில் போய்க் காட்டியவர். 1915இல் பெரிநாட்டில் கலவரம் நடந்தபின், கொல்லத்தில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் கூடிய கூட்டத்தில் அவருடைய சொல்லுக்கு இணங்கிப் பெண்கள் கல்லுமாலைகளை அறுத்துக் குவித்தார்கள். ரோசிக்கு அப்போது வயது பன்னிரண்டு.

ஆகவே டேனியல் அழைத்தபோது ரோசியின் உடம்பில் ரவிக்கை ஏறியிருந்ததே பழைய தலைமுறையின் கண்ணுக்கு உறுத்தல். அதற்கு மேல் ஒரு வேடம் காத்திருந்தது.

பத்து நாள் சரோஜினி

படத்தில் ரோசிக்குக் கிடைத்த பாத்திரத்தின் பெயர் சரோஜினி. தறவாட்டு நாயர் பெண்.

கதை எளிமையானது. திருவிதாங்கூர்ச் செல்வந்தர் ஒருவரின் மகன் சந்திரகுமாரனை, பூதநாதன் என்ற கயவன் இலங்கைக்குக் கடத்திப் போகிறான். பையன் அங்கே தோட்டத்தொழிலாளியாக வளர்கிறான். உறவினனான ஜெயச்சந்திரன் இலங்கைக்கு வந்த இடத்தில் அவனைச் சந்திக்க, உறவு வெளிப்பட, தொலைந்த பிள்ளை வீடு திரும்புகிறான். ஜெயச்சந்திரனாக டேனியல், அவன் காதலிக்கும் சரோஜினியாக ரோசி. பூதநாதனாக நடித்தவர் ஜான்சன். பிற்காலத்தில் தமிழ்ப் படங்களில் பேர்பெற்ற பி.எஸ். சரோஜாவின் தந்தை அவர்.

இந்தியாவின் ஏனைய மொழிகளில் பல புராணத்தில் தொடங்கின. தமிழ்நாட்டின் முதல் ஊமைப்படம் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்'. மலையாளம் சமகாலக் கதையில் தொடங்கியது. டேனியலின் பெருமையாக இது எப்போதும் சொல்லப்படுகிறது. ரோசியின் துயரத்துக்கும் இதுவே வாசலாயிற்று என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

புராணப் படத்தில் திரௌபதியின் உடை எவருடைய வீட்டு உடையும் அல்ல. கிரீடமும் ஜரிகையும் நாடகக் கொட்டகையின் பொதுச்சொத்து. சமகாலக் கதையில் அப்படியில்லை. சரோஜினி உடுத்தும் முண்டும், அவள் முடிச்சும், கூந்தலில் செருகும் பூவும் திருவனந்தபுரத்தின் கோட்டைக்குள் இருக்கும் வீடுகளின் உடை, முடி, பூ. பார்க்கிறவன் தன் வீட்டுப் பெண்ணைத் திரையில் காண்பான். அந்த உருவத்துக்குள் இருப்பவள் யார் என்று ஊருக்கே தெரியும்.

படப்பிடிப்பு பட்டத்தில் சூரிய வெளிச்சத்தில் நடந்தது. விளக்கு வைத்துப் படம்பிடிக்கும் வசதி இல்லாத காலம்; வெயில் இருக்கும்வரைதான் வேலை. ரோசி காலையில் கூலி வேலைக்குப் போவதுபோலவே மதியச் சோற்றைக் கையோடு கொண்டுவந்து, பொழுது சாய்ந்ததும் வீடு திரும்பினார் என்று அந்நாளைய நினைவுகள் சொல்கின்றன. நாளுக்கு ஐந்து ரூபாய், பத்து நாள் வேலை. முடிந்தபோது ஒரு புடவை. புல்லறுக்கும் கூலியோடு ஒப்பிட்டால் ஐந்து ரூபாய் மிகப் பெரிது. ஒரு படத்தின் கதாநாயகிக்கு அது சிறிது.

பகலில் சரோஜினியாக நின்றவர், மாலையில் அந்த முண்டைக் களைந்து நந்தன்கோட்டுக் குடிசைக்குப் போனார். இரண்டுக்கும் இடையே நடந்த தூரத்தை அவர் எப்படி உணர்ந்தார் என்பதை யாரும் கேட்டு வைக்கவில்லை. அவர் நடிப்பில் டேனியலுக்குக் குறையில்லை. அந்த வேடத்தை அவரிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கும் எண்ணமும் வரவில்லை.

டேனியல் நாடார். அவருடைய பாட்டிமார் காலத்தில் மேலாடைக்காக அடிபட்ட சாதி அவருடையது. அந்த நினைவுதான் ரோசியை அழைக்கும் துணிவைத் தந்ததா, அல்லது படத்தை எப்படியாவது முடித்துவிடவேண்டும் என்ற அவசரமா? இரண்டும் இருந்திருக்கலாம். எதுவானாலும், திரையில் தோன்றப்போகும் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டி யோசித்து எந்தப் பாதுகாப்பும் செய்யப்படவில்லை. டேனியலைப் போற்றும்போது இதையும் சேர்த்தே எழுதவேண்டியிருக்கிறது.

கேப்பிட்டல் தியேட்டர்

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1928 நவம்பர் 7 என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் தேதி. 1930 அக்டோபர் 23 என்பது பின்வந்த ஆய்வாளர்கள் வாதிடும் தேதி. எந்தத் தேதியானாலும் அரியணையில் இருந்தவர் ஒரு பெண்: 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ஆண்ட ரீஜண்ட் மகாராணி சேது லட்சுமி பாயி. வைக்கம் போராட்டம் அவர் காலத்தில்தான் முடிந்தது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் பெரும்பாலானவை திறந்தன. கோயில் கதவு திறக்க 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெரு திறந்து, கதவு திறக்காத அந்த இடைக்காலத்தில்தான் ரோசி திரையில் தோன்றினார்.

காட்சியைத் தொடங்கிவைத்தவர் மள்ளூர் கோவிந்த பிள்ளை. திருவிதாங்கூரின் புகழ்பெற்ற வழக்கறிஞர். நகரத்துப் பெரியவர்கள் முன்வரிசையில் அமர்ந்தார்கள்.

ரோசியும் வந்திருந்தார்.

தன் படத்தைத் தான் பார்க்க வேண்டும் என்ற ஆசையைவிட இயல்பானது வேறில்லை. ஆனால் அவர் உள்ளே உட்கார்ந்தால் தாங்கள் உட்கார மாட்டோம் என்று பெரியவர்கள் மறுத்தார்கள். டேனியல் தடுமாறினார். கடைசியில் ரோசியை வெளியே நிறுத்தினார்கள். அடுத்த காட்சி பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மலையாளத்தின் முதல் கதாநாயகி, மலையாளத்தின் முதல் படம் ஓடிய முதல் காட்சியில், கொட்டகைக்கு வெளியே நின்றார்.

உள்ளே விளக்கு அணைந்தது.

முதலில் வியப்பு. தங்கள் ஊர்ச் சாலைகளும் வீடுகளும் வெள்ளைத் துணியில் அசைவதைப் பார்த்த கூட்டம் மகிழ்ந்திருக்க வேண்டும். பேசாப் படம் என்பதால் பேச்சின் வழியே சாதியைக் கண்டுகொள்ள வழியில்லை. காதில் விழாத சாதி கண்ணில் விழுந்தது. சரோஜினி வந்தாள். நாயர் முண்டு உடுத்தி, கூந்தலில் பூச்சூடி வந்தாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

பிறகு அந்தக் காட்சி. ஜெயச்சந்திரன் சரோஜினியின் கூந்தலிலிருந்த பூவை எடுத்து முத்தமிடுகிறான்.

கூச்சல் வெடித்தது. கற்கள் பறந்தன. திரை கிழிந்தது. டேனியல் கொட்டகையை விட்டுத் தப்பினார். வெளியே நின்ற ரோசியையும் கூட்டம் தேடியது.

முத்தம் விழுந்தது பூவின் மேல். அது முறையற்ற காதல் என்று யாரும் கல்லெறியவில்லை. மேலைநாட்டுப் படங்களில் இதைவிட வெளிப்படையான காட்சிகளை அதே ஊர் காசு கொடுத்துப் பார்த்தது. 1859 அறிக்கையின் கடைசி நிபந்தனையை மீறிய உடம்பின் மேல்தான் கல் விழுந்தது. அடுத்தவரின் உடையை ஒரு புலையர் பெண் உடுத்தினாள்; உடுத்தியதோடு நிற்காமல், அந்த உடையில் நேசிக்கப்பட்டாள். கூட்டத்துக்குப் பொறுக்க முடியாமல் போனது அந்த நேசம்.

எல்லா ஊரும் இப்படி நடக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆலப்புழை ஸ்டார் தியேட்டரில் கூட்டம் பொறுமையாகப் பார்த்தது. கொல்லத்திலும் திருச்சூரிலும் தலசேரியிலும் படம் காட்டப்பட்டது. நாகர்கோவிலிலும் காட்டப்பட்டது.

திருவையாறும் நந்தன்கோடும்

இதே ஆண்டுகளில் தமிழ் ஊமைப்படத்தில் நுழைந்தவர் டி.பி. ராஜலட்சுமி. திருவையாற்றுப் பிராமணக் குடும்பம். குழந்தை மணம் முறிந்து, தந்தையை இழந்து, வயிற்றுப்பாட்டுக்காக நாடகக் குழுவில் சேர்ந்தவர். 1929இல் 'கோவலன்' ஊமைப்படத்தில் நடித்தார். அவரையும் உறவினர் ஒதுக்கினர், ஊர் ஏசியது. அந்த அவமானம் சிறியதல்ல. ஆனால் 1931இல் 'காளிதாஸ்' வெளிவந்தபோது அதே ஊர்க்காரர்கள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள். 'சினிமா ராணி' ஆனார். 1936இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதி இயக்கினார். தமிழின் முதல் பெண் இயக்குநர் என்ற பெயரோடு 1964இல் மறைந்தார்.

இருவரும் வறுமையிலிருந்து வந்தார்கள். இருவருக்கும் மேடைப்பழக்கம் இருந்தது. இருவரும் கேலிக்கு ஆளானார்கள். ராஜலட்சுமிக்குத் திரும்பிவரும் பாதை ஒன்று திறந்திருந்தது. உயர்ந்த குலத்துப் பெண் கீழே இறங்கினாள் என்று அவரை ஏசியவர்கள், பேரும் பணமும் வந்ததும் மன்னித்தார்கள். ரோசி மேலே ஏறினார் என்பதுதான் குற்றச்சாட்டு. ஏறியதை மன்னிக்க அந்தச் சமூகத்தில் வழி இருக்கவில்லை.

நெடுஞ்சாலை

முதல் காட்சியோடு பகை அடங்கவில்லை. அடுத்து வந்த நாள்களில் ரோசியைத் தேடி அலைந்தார்கள். குடிசைக்குத் தீ வைத்தார்கள். எரியும் வீட்டைவிட்டு ரோசி நெடுஞ்சாலைக்கு ஓடினார். நாகர்கோவிலுக்குப் போகும் லாரி ஒன்று வந்தது. கை காட்டினார். லாரி நின்றது. ஓட்டுநர் பெயர் கேசவ பிள்ளை.

திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் அந்நாளில் ரயில் இல்லை. நாகர்கோவில் ரயிலைப் பார்க்க இன்னும் ஐம்பது ஆண்டு பாக்கி. நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக வரும் அந்த ஒற்றைச் சாலைதான் திருவனந்தபுரத்தையும், நாஞ்சில் நாட்டையும், கணவாய் தாண்டித் திருநெல்வேலியையும் கோத்திருந்தது. அதில் 1920களில்தான் மோட்டார் லாரிகள் பெருகின. பத்தாண்டு முன்பு நடந்திருந்தால் மாட்டுவண்டிதான் கிடைத்திருக்கும், துரத்துகிறவர்கள் எட்டிப்பிடித்திருப்பார்கள்.

நாகர்கோவிலும் அப்போது திருவிதாங்கூர்தான். அதே அரசு, அதே காவல். ஆனாலும் அங்கே பேச்சு தமிழ், முகங்கள் வேறு. திருவனந்தபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகம், நாகர்கோவிலில் யாருக்கும் தெரியாத முகம். காக்காரிசியில் பழகிய தமிழ் அவருக்குக் கைகொடுத்திருக்க வேண்டும். அந்நிய ஊரில் வாய் திறந்ததும் பிடிபடாமல் இருக்க அது உதவியிருக்கும்.

கேசவ பிள்ளை அவரை மணந்துகொண்டார். உயர்சாதிக்காரர், அதற்கு அவருடைய வீட்டில் எழுந்த எதிர்ப்பையும் தாங்கினார். இந்த வரலாற்றில் பெயர் வரும் ஆண்களில், கேள்வி கேட்காமல் உதவியவர் அவர் ஒருவர்தான். ரோசி ராஜம்மாள் ஆனார். பிள்ளைகள் பிறந்தார்கள். கணவரின் குலத்துப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். அம்மா சினிமாவில் நடித்த கதை வீட்டில் பேசப்படவில்லை. பேசியிருந்தால் எந்தச் சாதி என்ற கேள்வி பின்னாலேயே வந்திருக்கும். அந்தக் கேள்வி என்ன செய்யும் என்பதை அவர் ஒரு முறை பார்த்துவிட்டார்.

எரிந்த சுருளும் நகர்ந்த எல்லையும்

டேனியலின் நிறுவனம் கடனில் மூழ்கியது. கருவிகள் விற்கப்பட்டன. அவர் பல்மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். படச்சுருள் வீட்டுக் குப்பையோடு கிடந்தது. நைட்ரேட் சுருள் தீ பட்டால் உடனே பற்றிக்கொள்ளும். தாம் சிறுவனாக இருந்தபோது அதைக் கொளுத்தி விளையாடியதாக டேனியலின் மகன் ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். ரோசியின் நடிப்பு அப்படிச் சாம்பலாயிற்று.

இதனோடு ஒப்பிட இன்னொரு படம் உண்டு. டேனியலின் உறவினரான நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளிவந்த 'மார்த்தாண்ட வர்மா' ஊமைப்படம். அதன் மூல நாவலை வெளியிட்ட கமலாலயா புத்தக நிலையம் உரிமை வழக்குப் போட்டு, படத்தை முடக்கியது. முடக்கிய சுருளை அலமாரியில் வைத்திருந்தார்கள். 1974இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை வாங்கியது, இன்றும் பார்க்கலாம். வழக்குப் போடும் அளவுக்குப் பெறுமதி உள்ளதென்று எவரோ கருதிய படம் பிழைத்தது. ரோசியின் படத்துக்கு அப்படி ஒரு பகையாளிகூட வாய்க்கவில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சிற்றாற்றுப் பக்கத்துச் செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் இணைந்தது. தென்தமிழகத்தில் அது இன்றும் கொண்டாடப்படும் வெற்றி. மார்ஷல் நேசமணியின் பெயரோடு சேர்ந்து நினைக்கப்படும் நாள்.

அந்தக் கோடு மலையாள சினிமாவின் முதல் இயக்குநரையும் முதல் கதாநாயகியையும் தமிழ்நாட்டுப் பக்கம் வைத்தது. முதிர்ந்த வயதில் டேனியல் இருந்தது அகஸ்தீஸ்வரத்தில், ராஜம்மாள் இருந்தது நாகர்கோவிலில். நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகைக்கு டேனியல் கேரள அரசிடம் விண்ணப்பித்தபோது, தமிழ்நாட்டில் குடியிருப்பவர் அங்கேதான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. தமிழ்நாட்டுக்கோ அவர் மலையாளப் படம் எடுத்தவர். 1975 ஏப்ரலில் அவர் மறைந்தார். அவர் பெயரில் கேரள அரசு விருது நிறுவ 1992 ஆயிற்று.

டேனியலை மறதியிலிருந்து மீட்டவர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற திரைப்பட வரலாற்றாசிரியர். 1960களில் அகஸ்தீஸ்வரத்துக்குத் தேடிச் சென்று, கிழவரின் வாயிலிருந்து முழுக்கதையையும் கேட்டு எழுதினார். முதல் மலையாளப் படம் 1938இன் 'பாலன்' என்று நம்பியவர்களோடு ஆண்டுக்கணக்கில் வாதாடினார். ரோசியின் பெயரும் அந்தப் பேச்சில் வெளிவந்தது. குன்னுக்குழி மணி என்ற தலித் பத்திரிகையாளர் அதே ஆண்டுகளில் ரோசியைப் பற்றித் தனியாக விசாரிக்கத் தொடங்கி, 1971இல் எழுதினார்.

அப்போது ராஜம்மாள் உயிரோடு இருந்தார். அகஸ்தீஸ்வரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே சில மைல் தூரம்தான். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். 1980களின் பிற்பகுதியில் அவர் இறக்கும்வரை இருபதாண்டுகள் அவகாசம் இருந்தது. டேனியல் பேசினார், அது அச்சேறியது. ராஜம்மாள் பேசிய ஒரு வரிகூடப் பதிவில் இல்லை. அவரைத் தேடியவர்களுக்கு வழி தெரியாமல் போயிற்றா, தேடி வந்தால் கதவைத் திறக்க வேண்டாம் என்று அவரே முடிவு செய்திருந்தாரா, அல்லது முதல் கதாநாயகியின் வாய்மொழி இல்லாமலேயே வரலாறு எழுதி முடித்துவிடலாம் என்று எழுதியவர்கள் எண்ணினார்களா?

(அடுத்த வாரம் தொடரும்)